வயிற்றுப் புற்றுநோய் வாரிசாக வருமா?

தாத்தாவுக்கு வந்தது. அப்பாவுக்கும் வந்தது. அடுத்தது யாருக்கு? பல வீடுகளில் மனசுக்குள்ளேயே புழுங்கும் கேள்வி இது. வெளியே சொல்லப் பயம். சொன்னால் பெண்ணுக்கு மாப்பிள்ளை கிடைக்காதே என்ற கவலை. ஆனால், சொல்வதுதான் உயிரைக் காக்கும்!

தோப்பும் வயலும் பரம்பரையாக வரும். மூக்கும் முழியும் பரம்பரையாக வரும். "நடையைப் பார்! அப்படியே தாத்தா!" என்று பேரனைப் பார்த்துச் சொல்லாத பாட்டி உண்டா?

நோயும் இப்படி வருமா?

சில நோய்கள் வரும். வயிற்றுப் புற்றுநோயும் சில குடும்பங்களில் அப்படி வருகிறது. ஆனால், எல்லாக் குடும்பங்களிலும் அல்ல.

100 பேருக்கு இந்த நோய் வந்தால், அவர்களில் சுமார் 10 பேரின் நெருங்கிய உறவிலும் இதே நோய் இருக்கும். மற்றவர்களின் குடும்பத்தில் அதற்கு முன் யாருக்கும் வந்திராது. அந்த 10 பேரிலும், பிறவியிலேயே வந்த கோளாறுதான் காரணம் என்று அடித்துச் சொல்லக் கூடியவர்கள் 1 முதல் 3 பேர்தான்.

அப்படியானால் மற்றக் குடும்பங்களில் ஏன் வருகிறது? அதைத் தெரிந்து கொள்ள முதலில் குமரி மாவட்டத்துக்கே போவோம்.

நெய்யூரில் ஒரு வெள்ளைக்கார டாக்டர்

திருவட்டாறு, ஆறுகள் வளைத்து ஓடும் ஊர். ஆதிகேசவப் பெருமாள் பள்ளி கொண்ட தலம். சுற்றிலும் ரப்பர், தென்னை, வாழை. மரச்சீனிக் கிழங்கும் மீனும் இந்தப் பக்கத்து ஏழை எளியவர்களின் சாப்பாடு.

இங்கிருந்து அதிக தூரம் இல்லாத ஊர் நெய்யூர். அங்கே 1838-ம் ஆண்டிலேயே மேல்நாட்டு வைத்தியம் தொடங்கி விட்டது.

1922-ல் எவரெஸ்ட் சிகரத்தில் ஏறப் போன வெள்ளையர் கூட்டத்தில் ஒரு டாக்டர் இருந்தார். அவர் பெயர் ஹோவார்டு சாமர்வெல். மலையிலிருந்து இறங்கியதும் அவர் இந்தியாவைச் சுற்றிப் பார்த்தார். நெய்யூருக்கும் வந்தார். ஆஸ்பத்திரி வாசலில் நோயாளிகள் கூட்டம் கூட்டமாகக் காத்திருந்தார்கள். அவ்வளவு பேருக்கும் ரண சிகிச்சை செய்ய இருந்த டாக்டர் ஒரே ஒருவர்!

அந்தக் காட்சி அவர் மனதை மாற்றியது. லண்டனில் காத்திருந்த பெரிய உத்தியோகத்தை உதறினார். நெய்யூருக்கே வேலைக்கு வந்து விட்டார். 1924-ல் மீண்டும் எவரெஸ்ட் ஏறினார். பிராண வாயு உதவி இல்லாமல் சுமார் 28 ஆயிரம் அடி வரை போனார். பிறகு மறுபடியும் நெய்யூர். பல ஆண்டுகள் அங்கே உழைத்தார்.

அவர் நெய்யூரில் அதிகமாகப் பார்த்த நோய்களில் ஒன்று என்ன தெரியுமா? வயிற்று வலி!

நம் ஊரில் "குன்மம்" என்று சொல்வோமே, அந்த நோய்தான். இரைப்பையிலும் அதற்கு அடுத்த குடலிலும் புண். சாப்பிட முடியாது, தூங்க முடியாது. திருவிதாங்கூர்ச் சீமையில் இந்தப் புண் மிக அதிகம். சாமர்வெல் ஏராளமான பேருக்கு ஆபரேஷன் செய்தார். அந்த அனுபவத்தைக் கொண்டு 1948-ல் இரைப்பை ஆபரேஷன் பற்றி ஒரு புத்தகமே வெளியிட்டார்.

இவ்வளவு பேருக்குப் புண் ஏன்? அந்தக் காலத்து டாக்டர்கள் சாப்பாட்டைச் சொன்னார்கள். காரத்தைச் சொன்னார்கள். கவலையைச் சொன்னார்கள். முக்கியமான குற்றவாளி ஒருவன் வயிற்றுக்குள்ளேயே ஒளிந்திருந்தான். அவனை யாரும் பார்க்கவில்லை!

கிருமியைக் குடித்த டாக்டர்

1982-ல் ஆஸ்திரேலியாவில் அந்தக் குற்றவாளி பிடிபட்டான்.

ராபின் வாரன், பாரி மார்ஷல் என்ற இரண்டு டாக்டர்கள் நோயாளிகளின் இரைப்பையில் ஒரு கிருமியைக் கண்டார்கள். திருகாணி போல வளைந்த கிருமி. அதன் பெயர் ஹெலிகோபாக்டர் பைலோரி.

"இரைப்பை அமிலத்தில் கிருமி உயிர் வாழுமா?" என்று பலர் நம்ப மறுத்தார்கள். 1984-ல் மார்ஷல் என்ன செய்தார்? அந்தக் கிருமியைத் தாமே குடித்து விட்டார்! சில நாட்களில் அவருக்கு வாந்தி வந்தது. இரைப்பை அழற்சி கண்டது. சோதித்துப் பார்த்தால் வயிற்றில் அதே கிருமி!

2005-ல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

இந்தக் கிருமி புண்ணோடு நிற்பதில்லை. பல ஆண்டுகள் வயிற்றில் தங்கினால் சிலருக்குப் புற்றுநோயையும் உண்டாக்கும். 1994-ல் உலக சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆராய்ச்சிக் கழகமே இதைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் பட்டியலில் சேர்த்தது.

இந்தக் கிருமி பெரும்பாலும் சிறு வயதில், வீட்டுக்குள்ளேயே ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றுகிறது. ஒரே வீடு, ஒரே தண்ணீர், ஒரே தட்டு. ஆகவே அண்ணன் தம்பி இருவருக்கும் வயிற்று நோய் வந்தால், அது இரத்தத்தில் வந்த வாரிசு நோய் என்று உடனே முடிவு கட்டக் கூடாது. கிருமியும் குடும்பச் சொத்துப் போலப் பரவும்!

மாவீரன் நெப்போலியனை எடுத்துக் கொள்ளுங்கள். அவன் தந்தை 1785-ல் வயிற்றுப் புற்றால் இறந்தார். நெப்போலியன் 1821-ல் செயிண்ட் ஹெலினா தீவில் இறந்தான். உடலை அறுத்துப் பார்த்த போது இரைப்பையில் பெரிய புற்று இருந்தது. "பரம்பரை நோய்" என்றே நெடுநாள் பேசினார்கள். 2007-ல் டாக்டர்கள் பழைய குறிப்புகளை மறுபடி ஆராய்ந்தார்கள். கிருமியால் வந்த நாள்பட்ட புண்ணே புற்றாக மாறியிருக்கலாம் என்று அவர்கள் கருதினார்கள்.

சரி, உண்மையிலேயே பரம்பரையாக வரும் குடும்பங்கள் உண்டா? உண்டு. அப்படி ஒரு குடும்பத்தின் கதையைக் கேளுங்கள்.

சாபம் பெற்ற குடும்பமா?

நியூசிலாந்து நாட்டின் ஆதிகுடிகள் மாவோரிகள். தவுரங்கா நகரின் பக்கத்தில் ஒரு பெரிய மாவோரிக் குடும்பம் இருந்தது. தலைமுறை தலைமுறையாக அந்தக் குடும்பத்தில் வயிற்றுப் புற்றுநோய் வந்தது. சாவுக்கு மேல் சாவு. இருபதுக்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். அவர்களில் வாலிபர்கள் உண்டு; பெண்கள் உண்டு; பதினைந்து வயதுகூட நிரம்பாத பிள்ளையும் உண்டு!

"இது சாபம்" என்று சொன்னவர்கள் இருந்தார்கள்.

அந்தக் குடும்பத்தாரோ அழுது கொண்டு சும்மா இருக்கவில்லை. தங்கள் குடும்ப மரத்தைக் காகிதத்தில் வரைந்தார்கள். யார் யார் பிள்ளை, யாருக்கு எந்த வயதில் நோய் வந்தது என்று குறித்தார்கள். 1990-களில் ஒட்டாகோ பல்கலைக்கழக விஞ்ஞானி பாரி கில்போர்டையும் அவர் கூட்டத்தாரையும் நாடிப் போனார்கள். "எங்கள் இரத்தத்தைச் சோதியுங்கள்" என்றார்கள்.

சோதனை நடந்தது. 1998-ல் விடை கிடைத்தது. சாபம் இல்லை, சூனியமும் இல்லை. ஒரே ஒரு மரபணுவில் இருந்த எழுத்துப் பிழை!

மரபணு என்றால் என்ன?

நம் உடல் கோடானு கோடி உயிரணுக்களால் ஆனது. ஒவ்வொரு உயிரணுவுக்குள்ளும் ஒரு "புத்தகம்" இருக்கிறது. உடம்பை எப்படிக் கட்ட வேண்டும், எப்படிப் பழுது பார்க்க வேண்டும் என்று அதில் எழுதியிருக்கிறது. அந்தப் புத்தகத்தின் ஒவ்வொரு பாடமும் ஒரு மரபணு.

ஒவ்வொரு பாடத்திலும் நம்மிடம் பெரும்பாலும் இரண்டு பிரதிகள் உண்டு. ஒன்று அப்பா கொடுத்தது. மற்றது அம்மா கொடுத்தது.

அச்சுப் பிழை உள்ள புத்தகத்தைப் பார்த்து நகல் எடுத்தால் நகலிலும் அந்தப் பிழை வரும் அல்லவா? அது போலத்தான் பெற்றோரின் மரபணுப் பிழையும் பிள்ளைக்கு வருகிறது.

மாவோரிக் குடும்பத்தில் பிழை இருந்த மரபணுவின் பெயர் சி.டி.எச்.1. உயிரணுக்களை ஒன்றோடு ஒன்று ஒட்டி வைக்கும் பசையைச் செய்வது அதன் வேலை. செங்கல் சுவருக்குச் சாந்து எப்படியோ, இரைப்பைச் சுவருக்கு இந்தப் பசை அப்படி. சாந்து கெட்டால் செங்கற்கள் கழன்று விழும். பசை கெட்டால் உயிரணுக்கள் கழன்று, கட்டுப்பாடு இல்லாமல் பெருகும்.

இந்த வகைப் புற்று மிகவும் கள்ளத்தனமானது. கட்டியாகத் திரளாது. மண்ணுக்கு அடியில் தூவிய விதை போல இரைப்பைச் சுவருக்குள்ளேயே பரவும். வாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தாலும் ஆரம்பத்தில் தெரியாமல் போகலாம்.

இந்தப் பிழை உள்ள எல்லாருக்கும் நோய் வருமா? வராது. ஆண்களில் 100-க்கு சுமார் 42 பேருக்கும், பெண்களில் 100-க்கு சுமார் 33 பேருக்கும் 80 வயதுக்குள் வயிற்றுப் புற்று வரலாம் என்று 2019-ல் வெளியான ஒரு கணக்குச் சொல்கிறது. அதற்கு முந்திய கணக்குகள் இன்னும் அதிகமாகச் சொன்னதும் உண்டு. பெண்களுக்கு மார்பகப் புற்று வரும் அபாயமும் சேர்ந்து இருக்கிறது.

மக்கள் வழியா, மருமக்கள் வழியா?

நாஞ்சில் நாட்டுக்காரர்களுக்குப் பரம்பரை என்றதும் ஒரு பழைய வழக்கு நினைவுக்கு வரும். ஒரு காலத்தில் இங்கே மருமக்கள் வழி இருந்தது. மாமன் சொத்து, சகோதரி பெற்ற மருமகனுக்குப் போகும். பெற்ற பிள்ளைகள் திண்டாடுவார்கள். கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை "மருமக்கள் வழி மான்மியம்" பாடி அந்தக் கொடுமையை எடுத்துக் காட்டினார். 1926-ல் சட்டம் வந்தது, முறை மாறியது.

மரபணுவுக்கு அந்தச் சட்டமும் தெரியாது; இந்தச் சட்டமும் தெரியாது. அது மக்கள் வழியிலும் போகும். மருமக்கள் வழியிலும் போகும்!

தாய் தந்தையரில் ஒருவருக்கு இந்தப் பிழை இருந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வரும் வாய்ப்பு பாதிக்குப் பாதி. காசைச் சுண்டினால் பூவா தலையா என்பது போல. ஆண் பிள்ளை, பெண் பிள்ளை என்ற பேதம் இல்லை.

தாய்மாமனுக்கு இந்தப் பரம்பரை நோய் வந்தால், அவர் சகோதரிக்கும் பிழை இருக்கலாம். அவள் மூலம் மருமகனுக்கும் மருமகளுக்கும் வரலாம். "எங்கள் வகையில் யாருக்கும் இல்லை" என்று தகப்பன் வழியை மட்டும் பார்த்துச் சொல்வது போதாது.

கலியாணமாகி வேறு வீட்டுக்குப் போன பெண்ணையும் மறந்து விடக் கூடாது. வீடு மாறினாலும் இரத்தம் மாறாது. பிறந்த வீட்டில் நோய் என்றால் அவளுக்கும் சொல்ல வேண்டும்.

பாதி பேருக்குப் பிழை வராது என்பதையும் கவனியுங்கள். பிழை வராதவரின் பிள்ளைகளுக்கு அவர் மூலம் அது போகாது. ஒரு கிளையில் அறுந்தால் அந்தக் கிளையில் அறுந்ததுதான்.

ஜப்பான் சொன்ன புதுச் செய்தி

கிருமி ஒரு பக்கம். மரபணு ஒரு பக்கம். இரண்டும் கூட்டுச் சேர்ந்தால்?

ஜப்பானில் வயிற்றுப் புற்று மிக அதிகம். அங்கே இந்த நோய் கண்ட 10,426 பேரின் மரபணுக்களைச் சோதித்தார்கள். புற்றுநோய் இல்லாத 38,153 பேரின் மரபணுக்களோடு ஒப்பிட்டார்கள். 2023-ல் முடிவு வெளியாயிற்று. 9 மரபணுக்களில் உள்ள பிழைகள் வயிற்றுப் புற்றோடு சம்பந்தப்பட்டவை என்று தெரிந்தது.

அந்த ஒன்பதில் சில, உயிரணுப் புத்தகத்தில் ஏற்படும் கிழிசலைத் தைக்கும் "தையல்காரர்கள்." மார்பகப் புற்றுக்குக் காரணம் என்று பேர் போன பி.ஆர்.சி.ஏ. மரபணுக்கள் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவை.

வயிற்றுக் கிருமி அந்தப் புத்தகத்தைக் கிழிக்கிறது. தையல்காரர் நல்ல நிலையில் இருந்தால் தைத்து விடுவார். அவரும் முடமாக இருந்தால்? கிழிசல் பெருகும்.

ஜப்பானியக் கணக்கு இது. 85 வயதுக்குள் வயிற்றுப் புற்று வரக்கூடியவர்கள்:

கிருமியும் இல்லை, பிழையும் இல்லை என்றால், 100-க்கு 5 பேருக்கும் குறைவு.

கிருமி மட்டும் உண்டு என்றால், 100-க்கு சுமார் 14 பேர்.

கிருமியும் உண்டு, தையல்கார மரபணுவில் பிழையும் உண்டு என்றால், 100-க்கு சுமார் 45 பேர்!

இது ஜப்பானின் கணக்கு. அப்படியே நம் ஊருக்குப் பொருத்தக் கூடாது. ஆனால் இதில் உள்ள நல்ல செய்தி எல்லா நாட்டுக்கும் பொருந்தும். மரபணுவை மாற்ற முடியாது. கிருமியை விரட்ட முடியும்! மூச்சுச் சோதனை, மலச் சோதனை மூலம் அதைக் கண்டு பிடிக்கலாம். டாக்டர் கொடுக்கும் மாத்திரைகளைப் பெரும்பாலும் 14 நாள் ஒழுங்காகச் சாப்பிட்டால் பலருக்கு ஒழிந்து விடும். பாதியில் நிறுத்தினால் கிருமி பிழைத்துக் கொள்ளும்.

மாவோரிக் குடும்பத்துப் பசைக் கோளாறு வேறு வகை. அங்கே கிருமியை விரட்டுவது மட்டும் போதாது.

இரைப்பை இல்லாமல் வாழ முடியுமா?

முடியும்! சி.டி.எச்.1 பிழை உள்ளவர்களுக்கு, நோய் முற்றுவதற்கு முன்பே இரைப்பையை முழுவதும் எடுத்து விடும் ஆபரேஷன் உண்டு. உணவுக் குழாயைச் சிறுகுடலோடு இணைத்து விடுகிறார்கள். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் பல வேளை சாப்பிட வேண்டும். உடம்பு இளைக்கும். வைட்டமின் பி-12 வாழ்நாள் முழுவதும் எடுத்துக் கொள்ள வேண்டும். இது பெரிய காரியம்தான். ஆபரேஷனை உடனே விரும்பாதவர்கள் தேர்ந்த டாக்டரிடம் ஆண்டுதோறும் குழாய்ச் சோதனை செய்து கொள்ளலாம்.

அந்த மாவோரிக் குடும்பத்தில் பலர் இந்த ஆபரேஷனைச் செய்து கொண்டு உயிர் தப்பினார்கள். பிழை இல்லை என்று தெரிந்தவர்கள் பயம் நீங்கி நிம்மதியாகத் தூங்கினார்கள். இரண்டுமே, அவர்கள் வாய் திறந்து சொன்னதால் வந்த பலன்!

யார் டாக்டரிடம் சொல்ல வேண்டும்?

* குடும்பத்தில் ஒரே வழியில் இரண்டு பேருக்கோ, அதற்கு மேலோ வயிற்றுப் புற்று வந்திருந்தால்.

* ஒருவருக்கே என்றாலும் 50 வயதுக்கு முன் வந்திருந்தால்.

* ஒரே குடும்பத்தில் சிலருக்கு வயிற்றுப் புற்றும், சிலருக்கு மார்பகம், சூல்பை, கருப்பை, பெருங்குடல் ஆகியவற்றில் புற்றும் வந்திருந்தால்.

எல்லாரும் ஓடிப் போய் மரபணுச் சோதனை செய்ய வேண்டியதில்லை. முதலில் நோய் வந்தவரின் இரத்தத்தைச் சோதிப்பதே முறை. அவரிடம் பிழை தெரிந்தால், பிறகு உறவினரைச் சோதிக்கலாம். சோதனைக்கு முன்பும் பின்பும் விவரம் தெரிந்த டாக்டரிடம் பேச வேண்டும்.

திருவட்டாறுப் பக்கத்து மக்கள் முதலில் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் வயிற்றைக் காட்டலாம். திருவனந்தபுரத்தில் 1981-ல் தொடங்கிய புற்றுநோய் மையம் இருக்கிறது. சென்னை அடையாறு புற்றுநோய் நிலையம் 1954-ல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தொடங்கியது. புற்றுநோய்க்குத் தம் தங்கையைப் பறி கொடுத்த துயரத்தில் அவர் எழுப்பிய ஆஸ்பத்திரி அது.

இந்த அடையாளங்களை அலட்சியம் செய்யாதீர்கள்

சில வாரங்களாகத் தீராத அசீரணம். கொஞ்சம் சாப்பிட்டதும் வயிறு நிறைந்து போவது. காரணம் இல்லாமல் உடம்பு இளைப்பது. விழுங்கக் கஷ்டம். அடிக்கடி வாந்தி. தார் போலக் கறுத்த மலம். இரத்த வாந்தி.

இவை வந்தாலே புற்று என்று அர்த்தம் இல்லை. ஆனால் சோடாவும் சூரணமும் குடித்து நாளைக் கடத்தக் கூடாது. டாக்டர் குழாய் விட்டுப் பார்க்க வேண்டும் என்றால் பயப்பட வேண்டாம். சில நிமிட வேலைதான்.

குடும்பத்தில் நோய் இருந்தாலும் இல்லாவிட்டாலும் எல்லாருக்கும் பொருந்தும் புத்திமதி ஒன்று உண்டு. புகையிலை வேண்டாம். மது வேண்டாம். உப்பில் ஊறிய கருவாடும் ஊறுகாயும் தினசரிச் சாப்பாடு ஆகக் கூடாது. பச்சை மீன், காய்கறி, பழம் நல்லது. சாப்பிடும் முன் கை கழுவ வேண்டும். சுத்தமான தண்ணீர் குடிக்க வேண்டும்.

ஜாதகத்தோடு இன்னொரு குறிப்பு

"குடும்பத்தில் வியாதி" என்று தெரிந்தால் சம்பந்தம் தட்டிப் போகும் என்று அஞ்சி, "வயிற்று வலியில் போனார்" என்று பூசி மெழுகுகிறோம். என்ன வலி, எந்த வயதில் வந்தது என்று பேரப் பிள்ளைகளுக்குத் தெரியாமலே போகிறது. அந்த மறைப்பு ஒரு கலியாணத்தைக் காப்பாற்றலாம். ஓர் உயிரைக் காப்பாற்றாது.

மரபணுப் பிழை யாருடைய குற்றமும் அல்ல. பிழை உள்ளவரும் கலியாணம் செய்யலாம், பிள்ளை பெறலாம், நீண்ட நாள் வாழலாம். முன்கூட்டியே தெரிந்தால் காத்துக் கொள்ளவும் செய்யலாம்.

வீட்டில் எல்லாருடைய ஜாதகத்தையும் பத்திரமாக வைத்திருக்கிறோம். அதோடு ஒரு நோட்டுப் புத்தகமும் இருக்கட்டும். தாத்தா, பாட்டி, பெரியப்பா, சித்தப்பா, அத்தை, மாமன், சித்தி ஆகிய எல்லாருடைய பெயரையும் எழுதுங்கள். யாருக்கு என்ன நோய், எந்த வயதில் வந்தது என்று பக்கத்தில் குறியுங்கள். பெரியவர்களுக்கு ஞாபகம் இருக்கும் போதே கேட்டு எழுதுங்கள். எழுதத் தெரியாத பாட்டி சொல்லட்டும். பள்ளிக்கூடம் போகும் பேத்தி எழுதட்டும்.

டாக்டரிடம் போகும் போது அந்த நோட்டையும் கையில் எடுத்துப் போங்கள்!